ஆட்டு மணி கட்டிய கம்பி

அது ஆட்டின் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டுவந்த பித்தளை மணி. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ஃபுட்பால் மைதானத்தின் ஓரத்தில் இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, ஐந்தடி ஒரு அங்குல உயரத்தில் ஆணி அடித்து, ஆணிகளின்மேல் ஒரு இரும்புக் கம்பியைக் கட்டாமல் சும்மா வைத்திருப்பார்கள். கம்பியின் ஓரத்தில், கட்டையை ஒட்டி, சணல் கயிற்றில் அந்த மணி தொங்கும். ஆட வருகிற பையன் நிமிர்ந்தபடி கம்பிக்கு அடியில் நடந்து போக வேண்டும். முட்டியை மடக்குகிறானா என்று பார்க்க ஒருவர் கீழே குந்தியிருப்பார். தலை இடித்தால் கம்பி ஆணிமேல் ‘கடக்’ என்று துள்ளும். அதற்குப் பிறகுதான் மணி ‘கிணுங்’ என்னும். கடக், கிணுங். அந்தச் சத்தம் கேட்டதும் சுற்றி நிற்கிற கூட்டம், ‘நெட்டையா, வூட்டுக்குப் போயி தூங்குடா!’ என்று கத்தும். முதல் ஆளாகக் கத்துவது நான்தான்.

வயசுக்குச் சான்றிதழ் கேட்காமல் உயரத்தை ஏன் அளந்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று ஹெட்மாஸ்டர் பார்த்து வைப்பது. என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அந்தத் தேதியை நம்பி ஃபுட்பால் லீக் நடத்தினால் மீசைக்காரர்கள் எல்லாம் சின்னப்பையன் என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். கம்பி பொய் சொல்லாது என்று லீக் கமிட்டி செக்ரட்டரி அடிக்கடி சொல்வார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் பென்னலூர் டீமுக்குக் கேப்டனாக இருந்தவன் என் வகுப்புத் தோழன். இன்றுவரை அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறேன், அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் எதிரி டீமின் கோல்கீப்பர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வளர்வது. நான் நாலடி எட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒவ்வொரு மாதமும் கால்சட்டை மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொண்டே போனான். “ஒட்டடைக்குச்சி, மேல காக்கா கூடு கட்டிருச்சாடா?” என்று தினமும் கேட்பேன். அவன் துரத்துவான், நான் ஓடுவேன். பத்தாவதில் நான் தேறாததற்கு இந்த ஓட்டமும் ஒரு காரணம்.

1991-ல் லீக்கை இரண்டாகப் பிரித்தார்கள். அதுவரை சுற்றியிருந்த ஊர் டீம்கள் எல்லாம் ஒரே லீக்கில்தான் ஆடும். அந்த வருஷம் எங்களையும் சேர்த்து எட்டு டீமை மட்டும் பொறுக்கி முதல் டிவிஷன் என்றார்கள், மிச்சமெல்லாம் இரண்டாம் டிவிஷன். முதல் டிவிஷனுக்குத் தோல் பந்து, நம்பர் போட்ட பனியன், இடைவேளையில் எலுமிச்சை ஜூஸ். எல்லாவற்றையும்விட முக்கியம், கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி. அதில் மெட்ராஸிலிருந்து வந்த செலக்டர் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் பெயரை எழுதிக்கொண்டால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்: சாப்பாடு, படிப்பு, ஷூ. இரண்டாம் டிவிஷன் மேட்சுக்கு அவர் வரமாட்டார், நாற்காலியும் வராது. அதற்கு முன்னால் தோற்றவனும் ஜெயித்தவனும் ஒரே டீக்கடையில் ஒரே தட்டில் போண்டா தின்றோம். பிரித்த மறுவாரமே இரண்டாம் டிவிஷன் பையன்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள். நாங்களும் கூப்பிடவில்லை.

செலக்டர் கேப்டனை மூன்று மேட்சில் பார்த்துவிட்டு, “குன்றத்தூர் மேட்ச்லயும் ஒருவாட்டி பார்த்துட்டு சொல்றேன்” என்றிருந்தார். அதுதான் கடைசி மேட்ச். அடுத்த வருஷம் கேப்டன் கம்பிக்கு அடியில் எந்த விதத்திலும் போக முடியாது என்பது அவனுக்கும் தெரியும், அவன் அம்மாவுக்கும் தெரியும். முந்தின மேட்சிலேயே கம்பி அவன் தலைமுடியைச் சீவிவிட்டது. மணி அசையாதது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த ஒரு வாரம் எங்களுக்கு வேறு வேலை இல்லை. அவன் வீட்டு நிலைக்காலில் கம்பியின் உயரத்துக்குப் பென்சில் கோடு போட்டுக் காலையிலும் மாலையிலும் அளந்தோம். காலையில் கோட்டைத் தாண்டுகிறவன் சாயங்காலத்தில் கொஞ்சம் குறைவான். அதை நான்தான் கண்டுபிடித்தேன். நாள் முழுக்கத் தலையில் சுமை இருந்தால் இன்னும் குறைவான் என்பதும் என் ஆராய்ச்சிதான். நெல் மூட்டையை அவன் தலையில் ஏற்றி ஏரிக்கரையில் நடக்கவிட்டோம்.

“டேய், கழுத்து உள்ள போவுதுடா.”

“போவட்டும், நல்லதுதான். கழுத்து இன்னாத்துக்கு உனக்கு? காலாலதான ஆடுற?”

அவன் அம்மா வாசலில் நின்று, “அந்தக் குள்ளன் பேச்சக் கேட்டுக்கினு என் புள்ள கூன் விழுந்து வரப்போறான்” என்று திட்டினாள். ஆனால் அடுத்த நாள் மூட்டைக்கு அடியில் வைக்கச் சும்மாடு சுற்றிக் கொடுத்ததும் அவள்தான். மேட்ச் அன்று விடியற்காலையில் வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு மொட்டை போட்டான். வேண்டுதல் பாதி, முடியின் தடிமன் பாதி. திரும்பி வந்து நிலைக்காலை ஒட்டி நின்றான். கோட்டுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. அவன் மூச்சை விடவில்லை. “மச்சி, சாயங்காலத்துக்கு இது போதுமாடா?” என்றான்.

மேட்சுக்கு முன்னால் செக்ரட்டரி ஒரு தாளை வைத்துக்கொண்டு முதல் டிவிஷனின் புது விதிகளைப் படித்தார். அன்று அவர் தொப்பி போட்டிருந்தார். தொப்பி சின்னது, தலை பெரியது. அதைப் பற்றி வரிசையில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததில் அவர் படித்தது எதுவும் என் காதில் விழவில்லை. அதுவரை மணி அடித்தால் பையனை மறுபடியும் கூப்பிடுவார்கள், மூன்று தடவை வரைக்கும் போகலாம். அதனால்தான் முன்பெல்லாம் வேண்டாதவன் கம்பிக்கு அடியில் போகும்போது நான் சுண்டுவிரலால் மணியைத் தட்டிவிடுவேன். அவன் திடுக்கிடுவான், கூட்டம் சிரிக்கும், செக்ரட்டரி என் காதைத் திருகிவிட்டு, “நீ மறுபடி வாப்பா” என்று அவனைக் கூப்பிடுவார். அது லீக்கோடு சேர்ந்த ஒரு கூத்து.

கேப்டன் எனக்கு முன்னால் நின்றான். மொட்டையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நெல் மூட்டை நசுக்கிய கழுத்து சிவந்திருந்தது. முதுகு விறைத்து, பிணத்தை நிறுத்திவைத்த மாதிரி இருந்தான். இப்படி ஆடினால் பந்தைத் தொடக்கூட மாட்டான், இவனை ஒரு தடவை சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. அவன் கம்பிக்கு அடியில் கால் வைத்தான். கட்டையை ஒட்டி நின்ற நான் கையை உயர்த்தி மணியைத் தட்டினேன்.

கிணுங்.

அவன் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. செக்ரட்டரி விசில் ஊதிவிட்டு, “அவுட்” என்றார். தாளில் ஒரு பெயரை அடித்தார்.

“சார், இன்னொரு தபா போவட்டும் சார்.”

“இப்பதான படிச்சேன்? முதல் டிவிஷன்ல ஒரே தடவைதான்.”

நான் வரிசையை விட்டு ஓடி அவர் எதிரே நின்றேன். “சார், நான்தான் சார் தட்டினேன். சத்தியமா சார், இந்த வெரலு சார்!” என்று சுண்டுவிரலை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். எத்தனை தடவை என் காதைத் திருகியவர். “கூட்டாளிக்காகப் பொய் சொல்றியா? ஓரமாப் போ” என்றார். கீழே குந்தியிருந்தவர், தான் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் கேப்டன் பக்கம் திரும்பினேன். நீயாவது சொல்லுடா என்று அவன் கையைப் பிடித்து உலுக்கினேன். அவன் மொட்டையைத் தடவிக்கொண்டே, “வுடுடா. பட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்றான். பிறகு செக்ரட்டரியிடம், “பட்டுச்சு சார்” என்றான்.

மேட்ச் முடியும்வரை கேப்டன் கோட்டுக்கு வெளியே, செலக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவர் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நாங்கள் தோற்றோம். குன்றத்தூர்ப் பையன் ஒருவன் பெயர் நோட்டில் ஏறியது. நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினோம்.

அடுத்து நடந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. கேப்டன் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். “எனக்கோசரம் அத்தினி பேர் எதிர்ல பழிய ஏத்துக்கினான்” என்று அவன் அம்மாவிடம் சொல்லி, அவள் என்னைக் கூப்பிட்டு மீன் குழம்பு ஊற்றினாள். உண்மையைச் சொன்னேன். “போடா, நல்லவனே” என்று முதுகில் தட்டினான். அவன் கல்யாணத்தில் சாராயம் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். மாமனாரிடம் என்னை இழுத்துக்கொண்டுபோய், “பாருங்க மாமா, இன்னும் அதே பொய்ய வுடாம சொல்லிக்கினு கீறான்” என்று காட்டினான். இப்போது அவன் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பத்தாவது தேறாத என்னை அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் சேர்த்துவிட்டதும் அவன்தான். சூப்பர்வைசரிடம், “நம்பிச் சேத்துக்கங்க சார், பழிய ஏத்துக்கிற ஆளு” என்றானாம். மாதாமாதம் சம்பளக் கவரைப் பிரிக்கும்போது என் காதில் மணி அடிக்கும்.

பதினோரு வருஷத்தில் லீக் வளர்ந்துவிட்டது. இரண்டு அடுக்கு நான்காகி, உச்சியில் இருப்பதற்கு எலைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள், வயசுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கடைசி அடுக்கில் இருக்கிற பையன்களுக்குத்தான் இன்னும் கம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பக்கத்தில் நிற்பவன் கேப்டன். கட்டைகள் புதிது, கம்பி புதிது. மணி மட்டும் அதே நசுங்கின மணி. கமிட்டி தூக்கிப் போட்டதை எடுத்து வைத்திருக்கிறான். மணி அடித்தால் மூன்று தடவை விடுவது என்பதும் அவன் அடம்பிடித்து வாங்கிய விதி.

போன ஞாயிறு நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகாமல் அங்கே போனேன். கட்டையை ஒட்டி, வரிசைக்குப் பின்னால், பழைய இடத்திலேயே நின்றேன். ஒரு நெட்டைப் பையன் வந்தான். கடக், கிணுங். “பரவால்ல நைனா, இன்னொரு தபா வா” என்றான் கேப்டன், கம்பியைப் பார்க்காமலேயே. காதாலேயே அளக்கிறான்.

“கேப்டன், அன்னிக்கி நான்தாண்டா தட்டினேன்.”

“ஆரம்பிச்சிட்டியா? ஓடி ஓடி வந்து ஒரே பொய்ய சொல்றதுக்கு ஊர்ல நீ ஒருத்தன்தாண்டா.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையை உயர்த்தி, அன்று போலவே, சுண்டுவிரலால் தட்டினேன்.

கிணுங்.

சிரித்தபடியே திரும்பிய கேப்டன் பாதியில் நின்றான். கம்பியைப் பார்த்தான். ஆணிமேல் அசையாமல் கிடந்தது. மணியைப் பார்த்தான். அது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை ஞாயிறுகளில் எத்தனை நூறு தலைகளின் சத்தத்தைக் கேட்டவன் அவன். அன்று அவன் தலைக்குமேலும் கடக் இல்லை, கிணுங் மட்டும்தான். கை தன்னால் உச்சந்தலைக்குப் போனது, முடிக்குள் எதையோ தேடுகிற மாதிரி அங்கேயே நின்றது. நான் காத்திருந்தேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். வரிசையில் பையன்கள் முண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் கயிற்றைப் பிடித்து மணியின் ஆட்டத்தை நிறுத்தினான்.

“நீ பின்னால நிக்காத,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல். “முன்னால வந்து நில்லு.”

நான் போய் நின்றேன், என் இரண்டு கையும் அவனுக்குத் தெரிகிற இடத்தில். அந்த நெட்டைப் பையன் இரண்டாம் தடவையாகக் கம்பிக்கு அடியில் வந்தான். நாங்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.