ரங்கநாயகி எடுத்த வீடியோ

சென்னியம்மாள் வாங்கிய ஃபிரிட்ஜையும் ஸ்கூட்டரையும் ரங்கநாயகி எப்படியோ பொறுத்துக்கொண்டாள். வீடியோ கேமராவைத்தான் பொறுக்க முடியவில்லை.

இருவரும் ஓரகத்திகள். தொண்டாமுத்தூரில் ஒரே தென்னந்தோப்புக்குள் அடுத்தடுத்த வீடு. ரங்கநாயகியின் கணவர் திருமலைசாமி தோப்பைப் பார்த்துக்கொண்டார். சென்னியம்மாளின் கணவர், கொழுந்தன் நஞ்சுண்டன், திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் இறங்கிவிட, பணம் அந்த வீட்டுக்குத்தான் வந்தது.

தொண்ணூற்றைந்தில் சென்னியம்மாள் மகனுக்குக் காதுகுத்து. மூன்று மணி நேரம் ஓடிய அந்த வீடியோவில் ரங்கநாயகி ஒரே ஒரு தடவை வந்தாள். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், முகம்கூடத் தெரியவில்லை.

"ஏனுங்கக்கா, அந்த முதுகு உங்களுதுதானுங்களே?" என்று சென்னியம்மாள் வெள்ளந்தியாகச் சிரித்தாள். ரங்கநாயகிக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறு வருடம் ரங்கநாயகியின் மகள் லோகப்பிரியா பெரியவளானாள். சீருக்கு நாள் குறித்த கையோடு, ரங்கநாயகி கணவரை இழுத்துக்கொண்டு கோவை ஒப்பணக்கார வீதிக்குப் போனாள். கடைக்காரர் பாலுசாமி இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். தோளில் வைத்துப் பிடிக்கும் பெரியதைத் தொட்டு, "எங்க கொழுந்தனாரு ஊட்டுல இருக்கறதவிட இது பெருசுதானுங்களே?" என்று கேட்டாள்.

"பெருசுதானுங்க. ஆனா இதுல இருவது பொத்தான் இருக்குது. யாரு படம் புடிக்கப் போறீங்க?"

"நானேதானுங்க."

"அப்பொ இந்தச் சின்னதப் பாருங்க. செவப்புப் பொத்தான அமுக்குனா ஓடும், மறுக்கா அமுக்குனா நிக்கும். படமும் சுத்தமா இருக்குமுங்க."

"இத்தனூண்டா? சனத்துக்குக் கண்ணுல தெரியுமா?"

பாலுசாமி இரண்டிலும் அவளையே படம் பிடித்து டிவியில் போட்டுக் காட்டினார். பெரியதில் முகம் மஞ்சளாகக் கரைந்திருந்தது. சின்னதில் மூக்குத்திக் கல்கூடத் தனியாக மின்னியது.

"அவளுதுல இத்தன தெளிவு இல்லீங்க" என்று கணவரின் காதில் சொன்னாள். சின்னதையே வாங்கினார்கள்.

சீர் அன்று ரங்கநாயகியின் அண்ணன் செங்கோட்டையன் ஐம்பத்தொரு தட்டோடு மேளதாளமாக வந்திறங்கினார். வேலைகளுக்கு நடுவே ரங்கநாயகி கேமராவும் கையுமாகச் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னியம்மாளும் சேர்ந்து எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். லோகப்பிரியா கொஞ்ச நேரம் வந்தாள். பிறகு சென்னியம்மாள் காரிலிருந்து இறங்கினாள், புது அட்டிகையைச் சரிசெய்தாள், யாரோடோ சிரித்தாள், சாப்பிட்டாள். படம் முழுக்க அவளே வந்தாள்.

"ஏம்புள்ள, இது யாரு ஊட்டுச் சீரு?" என்றார் திருமலைசாமி. ரங்கநாயகிக்கு அங்கிருந்து எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அப்போது திரையில் சென்னியம்மாள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏனம்மணி அழுதே?" என்று ரங்கநாயகி அவள் பக்கம் திரும்பினாள்.

சென்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க அண்ணன் தட்டோட வந்ததப் பாத்தனுங்க. எனக்குக் கூடப் பொறந்தவிக யாரு இருக்கறாங்க? எம் பையன் காதுகுத்துக்கே மடியில உக்கார வெக்க ஒண்ணுவிட்ட அண்ணனத் தேடிப் புடிச்சமுங்களே. பொறாமையாப் போச்சுங்கக்கா."

ரங்கநாயகிக்கு முதலில் இனித்தது. இனித்ததை நினைத்து உடனே கூச்சமாகவும் இருந்தது. எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

அந்தத் தீபாவளிக்கு, தங்கை சொன்னபடி செங்கோட்டையன் இரண்டு பட்டுப்புடவை எடுத்து வந்தார். ரங்கநாயகி இரண்டையும் வெகுநேரம் புரட்டிப் பார்த்தாள். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதைத் தட்டில் வைத்து, "நீங்களே கொண்டுபோய் அவ கையில குடுங்கண்ணா" என்று அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள்.