டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

நண்டு தின்ற கையில் எலுமிச்சம்பழம் தேய்க்கும்போதெல்லாம் அபிராமபுரத்து மாமியை நினைத்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். கடையில் வாங்கிய நண்டு இல்லை, சொல்லிவிடுகிறேன். இந்த வயதிலும் என் நண்டை நானே பிடிப்பேன்.

கற்றுக்கொடுத்தது அப்பா. மீனவக் குப்பத்தில் பிறந்து கார் ஓட்டப் போனவர். அம்மா என்னைப் பெற்றதோடு போய்விட்டாள். அப்பா கார் ஓட்டிய அபிராமபுரத்து வீட்டுக் கொல்லையில் ஒற்றை அறை, அதில் நாங்கள் இரண்டு பேர். மீன் வாடை வந்தால் அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டு மாமா போட்ட கட்டளை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அடையாறு முகத்துவாரத்துக்கு நடப்போம். சேற்று வளையில் கைவிட்டு, நண்டை முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுப்போம். சவுக்குச் சுள்ளியில் சுட்டு, மணலில் உட்கார்ந்தே தின்று தீர்ப்போம். பிறகு அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து, என் கையிலும் தன் கையிலும் அழுத்தித் தேய்ப்பார்.

எனக்குப் பயமே அந்தப் பழம்தான். ஞாயிறுதோறும் நாங்கள் புறப்படும்போது மாமி அதை என்னிடம் தந்து, "உங்கப்பா கையில குடு" என்பாள். ஆயுத பூஜையன்று கார் டயருக்கடியில் பழம் வைத்து நசுக்கியதை நான் பார்த்திருந்தேன். காருக்கென்று மாமி கொடுப்பதை அப்பா எடுத்துக் கை கழுவுகிறாரே, என்றைக்காவது கார் எதிலாவது மோதப்போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டே நடப்பேன்.

ஒரு ஞாயிறு பழத்தைப் பாவாடையில் முடிந்துகொண்டு, மாமி தரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பா மணலைப் போட்டு எங்கள் கைகளைத் தேய்த்துக் கழுவினார். சாயங்காலம் மாமா கச்சேரிக்குக் கிளம்பினார். நான் ஓடிப்போய்ப் பழத்தை முன்டயருக்கடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல அவர் குடையை எடுத்து நீட்டினேன். அவர் கைப்பிடியை முகர்ந்தார்.

"என்னடி இது, மீன் நாத்தம்?"

அப்பா முகம் வெளுத்துவிட்டது. பின்னாலேயே வந்த மாமி டயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா, அது மீனெண்ணெய் மாத்திரை. குழந்தை நோஞ்சானா இருக்காளேன்னு நான்தான் குடுத்தேன். கடிச்சுத் துப்பி கையெல்லாம் பூசிண்டிருக்கு."

"மருந்தா? சரி, கையை அலம்பச் சொல்லு."

மாமா ஏறிக்கொண்டார். பழம் சப்பென்று நசுங்கியது.

மறுநாள் அப்பா மெதுவாகக் கேட்டார். "மாமி எலுமிச்சம்பயம் குட்க்கலன்னு சொன்ன, டயராண்ட எப்டி வந்துச்சு?"

அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "வண்டிக்கு இன்னா ஆவப்போவுது, கண்ணு? நம்ம ரூமு இல்ல கைய வுட்டுப் போயிருக்கும்!"

அடுத்த ஞாயிறு மாமி இரண்டு பழம் தந்தாள். "ஒண்ணு காருக்கு, ஒண்ணு கைக்கு."

கையில் வைத்து விளையாட எனக்கும் ஒன்று தருகிறாள் என்று நினைத்தேன். நாங்கள் நண்டு தின்னப் போவது மட்டும் இந்த மாமிக்குத் தெரியவே தெரியாது என்று, தெருமுனை வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டே நடந்தேன்.