ஏழு மணிக்கு அப்பா பேசுவார்

இது போன நவம்பரில் எனக்கே நடந்தது. செக் நாட்டின் பிர்னோ நகரில், என் சொந்தச் சமையலறையில், விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போது நடந்தது. நான் குடித்திருக்கவில்லை. தூக்கத்திலும் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதற்கும் தேடினேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் ராடிம். விவாகரத்து வழக்கு நடந்தபோது, என் மனைவி பிளாங்காவின் வக்கீல் ஒரு வரைபடத்தை நீதிபதியின் மேஜையில் விரித்தார். ஆறு மாதமாக நான் எந்தத் தெருவுக்குப் போனேன், எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன், எல்லாம் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. என் பழைய போன் சேர்த்துவைத்த புள்ளிகள். எங்கள் குடும்பக் கணக்கின் கடவுச்சொல் பிளாங்காவுக்குத் தெரியும், அவ்வளவுதான். அன்று மாலையே முடிவு செய்தேன். இனி என்னைக் காட்டிக்கொடுக்காத போன்தான் என் பையில் இருக்கும்.

என் மகள் அனெஷ்காவுக்கு எட்டு வயது. தாயுடன் ஸ்லீன் நகரில் இருக்கிறாள். காரில் ஒன்றரை மணி நேரம். நீதிமன்றம் எனக்கு விட்டுவைத்தது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு போன். அந்த மாதம் இரண்டு சனியும் வீணாகிவிட்டன. ஒன்றில் எனக்குக் காய்ச்சல், இன்னொன்றில் அவளுக்குப் பள்ளிச் சுற்றுலா. ஆகவே எனக்கு மிஞ்சியது அந்த ஏழு மணி மட்டும்தான். அதுவும் போனால் நான் அவளுக்கு யாருமில்லை.

போனை வாங்கித் தந்தவன் லூபோர். எங்கள் ஊர் லினக்ஸ் ஆர்வலர் கூட்டத்தில் என் நெருங்கிய நண்பன். யாரோ பயன்படுத்தி விற்ற போன். உள்ளே ஓடுவது முழுக்க லினக்ஸ், யாரும் திறந்து பார்க்கக்கூடிய இயங்குதளம். பக்கவாட்டில் மூன்று சின்ன விசைகள். ஒன்றைத் தள்ளினால் மைக் அறுந்துவிடும், அடுத்தது இணையத்துக்கு, மூன்றாவது சிம்முக்கு. மென்பொருள் சொல்லி அணைப்பது வேறு, இது வேறு. அந்தப் பாகத்துக்கு மின்சாரமே போகாது. யார் நினைத்தாலும் ஒட்டுக்கேட்க முடியாது. நான் அழைக்கும்போது மட்டும் மைக்கைத் திறப்பேன், முடிந்ததும் மூடுவேன். பூட்டைப் போட்டுவிட்டு இழுத்துப் பார்க்கிறவனைப் போல, மூடிய பிறகும் விரலால் தடவிப் பார்ப்பேன்.

தினசரிப் போனாக வைத்துக்கொள்வது பெரிய அவஸ்தை. வங்கிச் செயலி ஓடாது. டிராம் சீட்டு வாங்க முடியாது. எடுத்த படமெல்லாம் பச்சையாக வரும். மதியத்துக்குள் பேட்டரி செத்துவிடும், அதற்குள் கை சுடும்.

"இது போன் இல்லடா, கையடக்க அடுப்பு" என்றான் லூபோர், பீர்க்கடையில். "குளிர்காலத்துல உபயோகம்."

"பேசறதுக்கு நல்லா இருக்கே. அது போதும்."

"அதுதான்டா எனக்குப் புரியல. நம்ம கூட்டத்துல இந்த மாதிரி போன் வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வரும். உன் குரல் மட்டும் ரேடியோ மாதிரி கேக்குது. நேர்ல பேசறதைவிட நல்லா இருக்கு."

நான் பெருமையாகச் சிரித்தேன். கூட இருந்தவர்களுக்கு என் போனின் அமைப்புகளை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போன்களில் அது வேலை செய்யவில்லை.

அப்போதே யோசித்திருக்கலாம்.

அந்த மாதம் முழுக்க எனக்கு இருமல். காய்ச்சல் போன பிறகும் விடாத இருமல். ஒரு மாலை அனெஷ்காவிடம் பேசும்போது மூச்சுத் திணறும் அளவுக்கு இருமினேன். அவள் கேட்டாள்.

"அப்பா, உனக்கு இப்பல்லாம் இருமலே இல்லையே, போயிடுச்சா?"

போனில் இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் உண்டு. அது இருமலையும் வடிகட்டுகிறது என்று நினைத்தேன். நல்ல மென்பொருள் என்றுகூட நினைத்தேன்.

இன்னொரு நாள், நான் வாய் திறக்கும் முன்பே சிரித்தாள். "அய்யோ, அது செம காமெடிப்பா" என்றாள். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு நாள், "நேத்து சொன்ன கதையில, தண்ணிக்கு அடியில வீடு இருக்குமே, அங்க யாரு இருப்பா?" என்று கேட்டாள். நான் கதை எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தில் படித்ததைக் குழப்பிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன். குழந்தைதானே.

நவம்பர் பத்தொன்பது. வெளியே மூடுபனி. நாலரைக்கே இருட்டிவிட்டது. ஏழு மணிக்குச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பள்ளி, கணக்குப் பரீட்சை, தோழியின் முயல்குட்டி என்று எதையெதையோ பேசினோம். நான் சொன்னதற்கெல்லாம் பதில் வந்தது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும்.

ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவுவதற்காகப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். விரல் தற்செயலாக விசையில் பட்டது.

மைக் மூடியிருந்தது.

திறக்க மறந்திருக்கிறேன். ஒன்பது நிமிடமாக.

"அனெஷ்கா, நான் பேசறது கேக்குதா?"

"ம்... அப்புறம்?"

விசையைத் திறந்தேன். "இப்ப கேக்குதா குட்டி?"

"இல்லப்பா, அது என்னோட பச்சைக் கோட்டு. சிவப்பு சின்னதாயிடுச்சு."

கோட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"ம்... அம்மா குளிக்கப் போயிருக்கா... தெரியாது, ரொம்ப நேரம் குளிப்பா... பாலமா? ஆத்துப் பாலமா?"

சற்று இடைவெளி. யாரோ பதில் சொல்வதற்கு வேண்டிய நேரம். என் காதில் லேசான இரைச்சல் மட்டும்... தண்ணீர் ஓடுவது போல.

"நீ நிஜமாவே அங்க நிக்கிறியா? ...சரி. சொல்ல மாட்டேன்."

"அனெஷ்கா! போகாத! அது நான் இல்ல!"

அவள் தயங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா... உன் பின்னாடி யாரு கத்தறது?"

இடைவெளி.

"ஓ" என்றாள். சிரித்தாள். "பாவம்."

சிம் விசையைத் தள்ளினேன். திரையில் 'அழைப்பு முடிந்தது' என்று வந்தது. நேரம் 7.14.

காதில் இன்னும் அவள் குரல்.

"இரு, பூட்ஸ் போட்டுக்கறேன்."

ஒரு கதவு திறக்கும் சத்தம்.

பிறகு தண்ணீர்.

பக்கத்து வீட்டு ஹ்ரூபா அம்மாள் கதவைத் திறக்கும்வரை இடித்தேன். அவர் நைட்டியின் மேல் ஒரு சால்வையோடு வந்தார்.

"என்னப்பா, வீடு பத்திக்கிச்சா?"

"போன் குடுங்க. உடனே."

பிளாங்காவின் எண் மனப்பாடம். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான். அனெஷ்கா எங்க?"

"விளையாடுறியா ராடிம்? உன்கூடத்தான பேசிட்டு இருக்கா. குளிக்கப் போறப்ப பார்த்தேன்."

"ரூம்ல பாரு."

"தலைல ஷாம்பு இருக்கு, என்ன இப்ப..."

"பிளாங்கா, பாரு."

காலடி. கதவு. பிறகு அவளுடைய மூச்சு மட்டும்.

"கோட்டு இல்ல" என்றாள்.

"பாலம்" என்றேன். "ஆத்துப் பாலம். ஓடு."

அந்த ஒன்றரை மணி நேரம் மூடுபனியில் எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது. என் பக்கத்து இருக்கையில் அந்தப் போன் கிடந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன். அதைப் பார்க்கவே கூடாது என்று சாலையையே பார்த்தேன். வழியில் எந்தச் செய்தியும் எனக்கு வர வழியில்லை. என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் அத்தனை தூரம் போனேன்.

உயிரோடு இருந்தாள்.

ஈரத் தலையோடு, குளியல் அங்கியோடு பிளாங்கா ஓடியிருக்கிறாள். பாலத்தின் நடுவில், கைப்பிடிக் கம்பிக்கு வெளிப்பக்கம், ஒரு சாண் அகல விளிம்பில் அனெஷ்கா நின்றிருந்தாளாம். அழவில்லை. ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை பக்கவாட்டில் நீட்டியபடி இருந்தது.

"யார் கையையோ பிடிச்சிருக்கிற மாதிரி" என்றாள் பிளாங்கா. பல் தந்தியடித்தது. "நான் அவளைத் தூக்கினேன் ராடிம். லேசுல வரல. அந்தப் பக்கமிருந்தும் இழுத்தது."

அனெஷ்கா சோபாவில் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். கையில் சூடான கோகோ. அவள் முன்னால் மண்டியிட்டேன். ஐந்து வாரமாகப் பார்க்காத முகம். கண்ணீர் வந்தது.

"குட்டி... அப்பா வந்துட்டேன்."

அவள் கோகோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். என்னைக் கவனமாகப் பார்த்தாள்.

"உங்க முகம் மட்டும் அப்பா மாதிரி இருக்கு" என்றாள். "குரல் உங்களுது இல்ல."

உங்க. என் மகள் பிறந்ததிலிருந்து என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கடைக்காரரிடம் பேசுவது போல, டிராம் ஓட்டுநரிடம் பேசுவது போல, மரியாதையாகப் பேசினாள்.

பிளாங்கா என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளிடம் கோபப்படக்கூடத் தெம்பு மிச்சமில்லை.

இரண்டு நாள் கழித்து லூபோர் தன் மேஜையில் போனைப் பிரித்தான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தவன், நிமிரவே இல்லை.

"என்னடா?"

"விசை சரியா இருக்கு" என்றான். "ஆனா அது மூடறதுக்கு இங்க எதுவும் இல்ல."

"புரியல."

"மைக்கே இல்லடா. மைக் இருக்க வேண்டிய ரெண்டு இடமும் காலி. பிடுங்கிட்டு, சுத்தமா வழிச்சு விட்டிருக்காங்க."

விற்றவருக்கு அவன் போன் செய்தான், நான் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு. ஆஸ்ட்ராவா நகரில் இருக்கும் மனிதர். கொட்டாவி விட்டபடி பேசினார்.

"ஆமாங்க, வாங்கின அன்னைக்கே பிடுங்கிட்டேன். யார் நம்புவா அந்த விசையை? நான் இயர்போன் வச்சுத்தான் பேசுவேன், அதுல மைக் இருக்கும். சொல்ல விட்டுப்போச்சு. உங்க நண்பர் ஒரு மாசமா பேசலையா என்ன?"

லூபோர் போனை வைத்தான். திருகாணிகளை ஒவ்வொன்றாக மூடிக்குள் போட்டான்.

"பேசினியேடா" என்றான். "தினமும் என்கிட்ட பேசினியே. அப்ப ஒரு மாசமா நான் யார்கிட்டடா பேசிட்டு இருந்தேன்?"

விசை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், கடைசியில் கத்திய கத்தலைத் தவிர, அந்த மாதம் நான் சொன்ன ஒரு சொல்கூட என் மகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் அப்பா என்று நம்பியது முழுக்க வேறொன்றை.

ஏழு மணி அழைப்பை நீதிமன்றம் நிறுத்திவிட்டது. நான் எதிர்க்கவில்லை. அனெஷ்காவின் போனைப் பிளாங்கா பிடுங்கி, எண்ணையும் ரத்து செய்துவிட்டாள். இப்போது எனக்குச் சனிக்கிழமைகள் மட்டும், அதுவும் பிளாங்காவின் வீட்டில், அவள் முன்னிலையில்.

டிசம்பர் இரண்டாவது சனி. நானும் அனெஷ்காவும் மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தோம். அவள் என்னிடம் பென்சில் கேட்டாள், நன்றி சொன்னாள். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். ஒருவேளை மெல்ல மெல்ல என் குரல் அவளுக்குப் பழகிவிடும் என்று நினைத்தேன்.

சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது.

அவள் பென்சிலை வைத்தாள். எழுந்து போய் ஜன்னலோரம், ஆற்றுப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கையில் எதுவும் இல்லை. தலையை மட்டும் ஒருபக்கம் சாய்த்துக்கொண்டாள்.

பிளாங்கா பாத்திரம் கழுவுவது போலத் திரும்பி நின்றாள். குழாய் திறந்திருக்கவில்லை.

"தினமும் இப்படித்தான்" என்றாள் தாழ்ந்த குரலில். "டாக்டர் விளையாட்டுன்னு சொல்றார்."

ஜன்னலோரம் அனெஷ்கா தலையாட்டினாள். உதடு அசைந்தது. சிரித்தாள். நான் கேட்டு எத்தனையோ நாளான சிரிப்பு.

பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சங்கடம்.

"அப்பா கேக்கறாரு" என்றாள். "நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு."