வராத நோய்க்கு ஒரு வருட மருந்து

1987ஆம் ஆண்டு, குளிர் தொடங்குகிற காலம். ரொறொன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில், பன்னிரண்டாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீடொன்றில் இருந்தோம். வாடகைப் பத்திரத்தின்படி நான், கணவர், மூன்று வயது மகள் என மூன்று பேர்தான். உண்மையில் இருந்தது எட்டுப் பேர். மற்ற ஐந்து பேரும் ஊரிலிருந்து ஒருவர்பின் ஒருவராக வந்து, போக இடமில்லாமல் எங்கள் ஹோலில் படுத்தெழும்பிய பெடியன்கள். கட்டடத்தைப் பார்க்கிற மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் அத்தனை பேரும் தெருவில்தான்.

அவர்களில் ஒருவன் மட்டக்களப்புப் பெடியன். உணவகமொன்றில் கோப்பை கழுவினான். அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். மகளுக்கு அவன் மடிதான் கதிரை. மாதக்கணக்கில் இருமினான். கேட்டால், "இது பனிக்கு வாற இருமல் அக்கா, பயப்படாதீங்க" என்பான். ஒருநாள் வேலையிடத்திலேயே விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து, சயரோகம் என்று சொன்னார்கள்.

நகரசபைச் சுகாதாரப் பகுதியிலிருந்து வீட்டுக்கு ஆள் வரும் என்று கேள்விப்பட்டதும் கணவர் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்:

"ஆர் வந்து கேட்டாலும் நாங்கள் மூண்டு பேர்தான். அவன் சும்மா வந்து போறவன். விளங்கிச்சோ?"

"ஓமப்பா" என்றேன். ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. வருத்தக்காரன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வருத்தமில்லாத எங்களிடம் இவர்களுக்கு என்ன வேலை? ஊரில் சுகமில்லை என்றால் நாங்கள்தான் டொக்டரைத் தேடிப் போவோம். டொக்டர் எங்களைத் தேடி வந்ததை நான் கண்டதில்லை. இது குடிவரவுக்காரரின் தந்திரம் என்றுகூட ஒரு பெடியன் சொன்னான்.

வந்தவர் நரைத்த தலையோடு ஒரு தாதி. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சோபாவில் ஆறுதலாக இருந்துகொண்டு, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். சரி என்று தலையாட்டினார். அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் பிடிபடவில்லை.

கணவர் வேலைக்குப் போயிருந்தார். கிருமி உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க எனக்கும் மகளுக்கும் கையில் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி போட்டார். போட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். தான் பிறந்து வளர்ந்தது அவுஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊராம். அங்கே எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் வந்து நிற்குமாம். வளர்ந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று நெஞ்சுப் படம் எடுத்தேயாக வேண்டும், தவறினால் அபராதம். தனக்கென்ன வருத்தம் என்று புறுபுறுத்துக்கொண்டு அபராதத்துக்குப் பயந்து போன அவருடைய அப்பாவின் படத்தில்தான் சயரோகப் புள்ளி தெரிந்ததாம். அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். கடைசியில் அவர் சொன்னது மட்டும் நன்றாக விளங்கியது: "அங்கே அரசாங்கம் கட்டளை போட்டது. இங்கே நான் கதவைத் தட்டிக் கேட்கிறேன். எது திறம் என்று எனக்கே தெரியாது."

அரசாங்க ஆளே தெரியாது என்று சொன்னால் நான் யாரை நம்புவது?

ஊசி போட்ட இடத்தைப் பார்க்க இரண்டு நாள் கழித்து, சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்து நின்றார். இரவு வேலை முடித்து வந்த பெடியன்கள் நால்வரும் அப்போதுதான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் போட்டது போட்டபடி பல்கனிக்குள் பாய்ந்தார்கள். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். வெளியே பனித்தூறல்.

என் கை வீங்கியிருந்தது. தோளில் இருந்த தழும்பைத் தொட்டு, சின்ன வயதில் ஊரில் போட்ட தடுப்பூசியாலும் இப்படி வரலாம், படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். மகளின் கையும் வீங்கியிருந்தது. அவள் இங்கே பிறந்தவள், தழும்பில்லை. தாதி சின்ன அளவுகோலை வைத்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். கிருமி பிள்ளைக்குள் போயிருக்கிறது. நோய் இல்லை, தூங்குகிறது. எழும்பாமல் இருக்க ஒரு வருடம் குளிசை கொடுக்க வேண்டும். ஆனால் இந்த வீட்டில் இன்னொருவர் நெஞ்சிலும் அது இருந்தால் குளிசையால் மட்டும் என்ன பயன் என்றும் கேட்டார்.

மகள் தன் கைவீக்கத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கணவர் சொன்னது ஒரு காதில் கேட்கிறது. வாய் திறந்தால் வீடு போகும். திறக்காவிட்டால்? நேரே போய்த் திரைச்சீலையை விலக்கிப் பல்கனிக் கதவைத் திறந்தேன்.

"எல்லாரும் உள்ளுக்கு வாங்கோடா!"

பல்லடிக்க ஒவ்வொருவராக வந்தார்கள். "அக்கா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஐஸ்பெட்டிக் கோழியாய்ப் போயிருப்பம்" என்றான் ஒருவன். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாதி அதிசயப்படவேயில்லை. ஒருவன் கையைப் பிடித்துச் சட்டையை மடித்துவிட்டார். பையைத் திறந்தால் எல்லோருக்கும் போதுமான ஊசிகள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாசலில் குவிந்து கிடந்த ஆம்பிளைச் சப்பாத்துகளை விரலால் காட்டினார். பெடியன்கள் வெளியே போயிருந்த முதல் நாளும் அவர்களின் மாற்றுச் சப்பாத்துகள் அங்கேதான் கிடந்தன; அன்றே தெரிந்திருக்கிறது! பிறகேன் கேட்கவில்லை? வற்புறுத்திக் கேட்டால் அடுத்த வீட்டுக் கதவு தனக்குத் திறக்காது என்றார்.

அன்றிரவு கணவர் வாடகைப் பத்திரத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார். மேற்பார்வையாளர் எப்போது வந்து தட்டுவார் என்று வாரக்கணக்காகப் பயந்திருந்தோம். அவர் வரவேயில்லை. எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்ததில், என்னுடையதிலும் கணவருடையதிலும் ஒன்றும் இல்லை. பெடியன்களில் ஒருவனுக்கு மட்டும் நெஞ்சில் ஒரு நிழல், தொடக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். மட்டக்களப்புப் பெடியனும் சுகமாகி வந்தான்.

மகளுக்கோ, துள்ளி விளையாடுகிற பிள்ளைக்கு, ஒரு வருடமாகத் தினமும் குளிசையை அரைத்து வாழைப்பழத்தில் குழைத்துத் தீத்தினேன். நோயில்லாத பிள்ளைக்கு ஏன் மருந்து என்று கண்டவர்கள் எல்லோரும் கேட்டார்கள். டொக்டரிடம் கேட்டால், மருந்து எடுக்காவிட்டாலும் பலருக்கு அது எழும்பாமலே இருந்துவிடும், யாருக்கு எழும்பும் என்றுதான் தெரியாது என்றார்.

மகளுக்கு அந்த நோய் ஒருநாளும் வரவில்லை. சுகமாக்கிய டொக்டருக்குக் கும்பிடு போடத் தெரிந்த எனக்கு, வந்திருக்கக்கூடிய ஒன்று வராமல் போனதற்கு யாருக்கு, எப்படி நன்றி சொல்வது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.