குந்தியிருக்கிற குட்டி

பளையிலிருந்து அழைப்பு வந்தபோது நான் எங்கள் பெட்டை நாயின் வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்தில் நின்றேன். அவளுக்குப் பதினொரு மாதம். முன்கால்கள் இரண்டும் ஓடத் துடிக்கும், பின்கால்கள் மண்ணில் இழுபடும். மூத்திரம் போக வேண்டுமென்றாலும் யாராவது இடுப்பைத் தாங்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்தான்.

கணவர் தொலைபேசியை என் காதருகே பிடித்தார். பேசியவர் பளையில் தென்னங்காணி வைத்திருப்பவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவருடைய பெட்டை ஆறு குட்டி போட்டிருந்தது. ஆறு கிழமையாகிவிட்டது, வந்து முதல் குட்டியைத் தெரிவு செய்யுங்கள் என்றார். வருகிறேன் என்றேன். என் குரலில் இருந்த நடுக்கத்தை அவர் சந்தோஷம் என்று நினைத்திருப்பார்.

கணவருக்கு விளங்கிவிட்டது. தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "போறதெண்டால் போ. அங்க போய் அவன்ர பேரைக் கெடுத்துப்போடாதை."

அவன் என்றது எங்கள் பழைய ஆண் நாய் சாம்பியனை. செத்து நாலு வருசமாகியும் எங்கள் வீட்டில் அவன் பெயர்தான் முதலில் வரும்.

அவன் எங்களிடம் வந்தது, சண்டை முடிந்து நாங்கள் துணுக்காய்ப் பக்கம் திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில். கொழும்பில் இருந்த கணவரின் தமையன் கனடாவுக்குப் போகும்போது தன் அல்சேசன் நாயை எங்களுக்கு அனுப்பிவைத்தார். லொறியில் வந்து இறங்கினான். கூடவே கொழும்பு நாய்க்காட்சியில் வென்ற கோப்பையும் ஒரு சான்றிதழும் வந்தன. எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்களே அப்போது தொலைந்து போயிருந்தன. நாய்க்கோ நாலு தலைமுறைக்கு எழுத்து இருந்தது. நான் சிரித்தேன். கணவர் சிரிக்கவில்லை, அந்தக் கடதாசியைப் பொலித்தீனில் சுற்றிக் கூரைக் கம்பில் செருகிவைத்தார்.

எல்லாவற்றையும் இழந்து வந்த மனுசனை ஊர் "சாம்பியன் வீட்டுக்காரர்" என்று கூப்பிடத் தொடங்கியது. அந்தப் பெயரோடுதான் அவர் மறுபடி நிமிர்ந்து நடந்தார். அதை நான் பார்த்தேன். இன்றைக்கு அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அதை மறக்க முடியவில்லை.

வயலுக்குள் பன்றி, வேலிக்கு வெளியே யானை, புது வீடுகளில் தனியே இருக்கிற பெண்கள். எல்லோருக்கும் நாய் தேவைப்பட்டது. முள்ளியவளையிலிருந்துகூட லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பெட்டைகளை ஏற்றிச் சாம்பியனிடம் கொண்டுவந்தார்கள். நாங்கள் காசு வாங்குவதில்லை. கடுவன் நாயின் வீட்டாருக்கு முதல் குட்டி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைத் தெரிவு செய்கிற வேலை என்னுடையது. ஆடு மாடு பார்த்து வாங்குவதில் எனக்குக் கண் இருக்கிறது என்று ஊர் சொல்லும். நானும் அதை நம்பினேன்.

சாம்பியனிடம் ஒரு பழக்கம். மற்ற நாய்கள் பாய்ந்து குரைக்கிறபோது அவன் வேலிப் படலையடியில் குந்தியிருந்து பார்ப்பான். அந்த இருப்பைப் பார்த்தே சனம் ஒதுங்கிப் போகும். அதனால் ஒவ்வொரு ஈத்திலும் நான் அப்படி இருக்கிற குட்டியைத்தான் தேடினேன். மற்றவை ஒன்றையொன்று உருட்டி விளையாட, ஒரு குட்டி ஒதுங்கிக் குந்தியிருக்கும். அதுதான் பெரிய இடத்துப் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு வருவேன். யாராவது கேட்டால் ஓடுகிறதை எடுக்காதேங்கோ, இருக்கிறதை எடுங்கோ என்று அறிவுரையும் சொல்லுவேன்.

தெரிந்தெடுத்த குட்டிகளை வளர்த்து, சொந்தக்காரர் புது வீட்டுக்குக் குடிபூரும்போது கொடுத்தோம். மற்றவர்கள் குத்துவிளக்கும் சட்டி பானையும் கொண்டுபோக, நாங்கள் நாயோடு போய் இறங்குவோம். அந்தக் குட்டிகள் வளர்ந்து அந்தந்த ஊரின் கடுவன்களாயின. பெட்டைகள் திரும்பச் சாம்பியனிடமே வந்தன. சனத்துக்கு முழு இரத்தம் வேண்டுமாம். பிள்ளைகளுக்குச் செவ்வாய் தோஷம் வரைக்கும் பார்க்கிற எங்கள் ஆட்கள், நாய்க்கு மட்டும் தகப்பனையே மாப்பிள்ளையாக்கினார்கள். நான் படலையைத் திறந்து விட்டேன்.

சாம்பியன் செத்த பிறகும் அவன் வழிக் கடுவன்களின் ஈத்துகளில் முதல் குட்டி எங்களுக்கே வந்தது. அப்படி நான் தெரிந்தெடுத்த இந்தப் பெட்டை எட்டு மாதத்தில் விழத் தொடங்கினாள். எண்ணெய் பூசினோம், தவிட்டு ஒத்தடம் கொடுத்தோம். கடைசியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இளம் பிள்ளை அவா. யாழ்ப்பாணத்தில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினா. தொடை எலும்பின் தலை குழிக்குள் இருக்காமல் வெளியே நின்றது. பரம்பரையில் வருவது, இந்த வயதில் இந்தளவுக்குப் போனதற்கு இனிப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றா. குட்டியில் எப்படி இருந்தாள் என்று கேட்டா.

நான் பெருமையாகவே சொன்னேன், ஓடித் திரியாமல் குந்தியிருப்பாள் என்று.

அவா எக்ஸ்ரேயைக் கீழே வைத்தா. "அம்மா, அது நோவில இருந்தது. நிண்டால் நோகும். அதாலதான் இருந்தது."

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. எத்தனை முற்றங்களில் எத்தனை குட்டிகளின் நோவைப் பார்த்து நான் பூரித்திருக்கிறேன்! சாம்பியனுக்குள் கொஞ்சமாக இருந்த குறையைத் தேடித் தேடிப் பொறுக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் குடிவைத்தது நான். கடவுள் கொடுத்த கண் என்று நினைத்தேனே, அந்தக் கண்ணைத் தோண்டிப் போடலாம் போலிருந்தது. கணவர் எக்ஸ்ரேயைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிமெந்து நிலத்தில் வழுக்கியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

பளைக்கு மாங்குளத்தில் பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான், இந்த ஈத்தோடாவது இது நிற்க வேண்டும். அந்த மனுசன் என் பேச்சைக் கேட்டால் பளையோடு நிற்கும்.

தென்னைகளுக்குக் கீழே ஐந்து குட்டிகள் ஒரு பழைய செருப்புக்காகச் சண்டை போட்டன. ஆறாவது தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து என்னையே பார்த்தது.

"நீங்கள் எதைத் தூக்குவியள் எண்டு எனக்குத் தெரியும் அக்கா," என்றார் அவர். "நீங்கள் எடுக்காட்டி அதை நான்தான் வைச்சிருக்கப் போறன். அடுத்த கடுவன் அதுதான்."

வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டினேன். குட்டியின் இடுப்பில் மெல்ல விரலை வைத்து அழுத்தினேன். அது கத்தவில்லை, என் கையை நக்கியது. அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. குட்டிகளின் தகப்பனான அவருடைய கடுவன் தென்னையடியிலிருந்து எழும்பி, இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி வந்தது. அது எங்கள் வீட்டிலிருந்து அவருடைய குடிபூரலுக்குப் போனது. அதன் நடையைப் பாருங்கோ தம்பி என்றேன்.

"ராச நடை எண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்," என்றார்.

கெஞ்சினேன். என் வயதுக்கு அவரிடம் கைகூப்பியும் கேட்டேன், இனி இந்த இரத்தத்துக்குள்ளேயே விடவேண்டாம் என்று. அவர் மரியாதையாகத் தேத்தண்ணீர் தந்தார். அடுத்த மாதம் கிளிநொச்சியிலிருந்து தங்கச்சி வீட்டுப் பெட்டை இந்தக் கடுவனிடம் வருகிறது, சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது என்றார். ஒரு நாய்க்குக் கால் வழங்காவிட்டால் பரம்பரையே பிழையா என்றும் கேட்டார். நான் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். பிறகு என்னால் செய்யக்கூடிய ஒன்றே ஒன்றைச் செய்தேன். முதல் தெரிவு எனக்கு. குந்தியிருந்த குட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவர் முகம் கறுத்தது. நல்லதை எடுத்துப்போகத்தான் இவ்வளவு கதையும் என்று நினைத்திருப்பார்.

பஸ்ஸில் மடியில் நித்திரையாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, சாம்பியன்ர குட்டியோ என்று கேட்டா. அந்தக் காதைப் பார்த்தே தெரிகிறதாம். ஓம் என்றேன்.

வீட்டில் எங்கள் பெட்டை படலையடியில் கிடந்தாள். குட்டியை அவளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். அவள் முன்கால்களை ஊன்றி உடம்பை நிமிர்த்தினாள். குட்டியும் குந்தியது. இரண்டும் ஒரே மாதிரி இருந்து றோட்டைப் பார்த்தன.

கணவர் வாசலில் நின்று கனநேரம் பார்த்தார். அவருடைய கண் நிறைந்திருந்தது. இப்போதாவது விளங்கியதே என்று எனக்கு நெஞ்சு இளகியது.

"பாத்தியே," என்றார். "அவன் எங்கேயும் போகேல்லை."

பெட்டை முனகினாள். அவளுக்கு மூத்திரம் போக வேண்டிய நேரம். கொடியில் காய்ந்த துவாயை எடுத்துக்கொண்டு நான் அவளிடம் போனேன்.