சுண்ணாம்பு கேட்டு வந்தவள்

சின்னப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கதையில் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

எழுபதுகளில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஆறு. அம்மா கொழுந்து எடுக்கப் போனால் அவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு முதல் பேய்க்கதை சொன்னேன். மலைப்பாதையில் ஒருத்தி தனியாக நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுக்கக் கை நீட்டினால் ஆள் காலி. எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை. அதில் அவள் அழகி. அழகி என்றதும் தங்கை கொட்டாவி விட்டாள். அதனால் நானே அவள் தலையை விரித்துப்போட்டு, முகத்தை வீங்கவைத்து, கண்ணை மூடவைத்தேன். தங்கை போர்வைக்குள் போய்விட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கும் எதிர் லயம் தெரியாத பனிமூட்டம். அம்மா சுண்ணாம்பு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள். யாரோ கதவில் மோதிய சத்தம் கேட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். விரிந்த தலை, வீங்கிய முகம், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு.

"சுண்ணாம்பு," என்றது. தொண்டை அடைத்த குரல். "சுண்ணாம்பு எடு."

"தொறக்காதக்கா," என்றாள் தங்கை.

தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கதவு ஆடுவது மெல்லக் குறைந்து, நின்றது. போய்விட்டது என்று நினைத்தேன்.

அம்மாவின் கை, செடிக்குள் இருந்த குளவிக்கூட்டில் பட்டுவிட்டதாம். முடிக்குள் புகுந்ததை உதறத்தான் கொண்டையை அவிழ்த்திருக்கிறாள். குளவி கொட்டினால் எங்கள் தோட்டத்தில் உடனே சுண்ணாம்பு தடவுவார்கள். அதற்காகத்தான் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். தேடி வந்த பெண்கள் வாசற்படியில் கிடந்தவளைத் தூக்கும் சத்தம் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். மெட்டியைப் பார்த்த பிறகே அது அம்மா என்று தெரிந்தது.

பிழைத்துவிட்டாள். எட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆனால் அதன்பிறகு என்றைக்கு வேலை முடிந்து வந்தாலும், கதவு திறந்தே கிடந்தாலும், வெளியே நின்று முதலில் சொல்வாள்:

"நாந்தான் தாயி, அம்மா வந்திருக்கேன்."