முந்தின நாளே சொல்ல வேண்டிய லீவு

கள்ளக்குறிச்சியில் தெருக் கூட்டும் எங்களுக்கு லீவு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். காய்ச்சலா, கல்யாணமா, வீட்டிலிருந்து வேறொரு ஆளை அனுப்பினால் போதும். நான் வர முடியாத நாளில் என் நாத்தனார் துடைப்பத்தோடு நிற்பாள். தெரு சுத்தமாக இருந்தால் சரி, யார் கூட்டியது என்று மேஸ்திரி கேட்க மாட்டார்.

நல்லது செய்கிறோம் என்று அதற்குத்தான் ஆப்பு வைத்தார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் சம்பளத்தோடு லீவு கொடுத்தாக வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. கைதட்டினோம், மடச்சிகள். லீவு கொடுப்பதென்றால் வந்தது யார், வராதது யார் என்று தெரிய வேண்டுமாம். அதனால் காலையில் ஒரு தடவை, மதியம் வேலை முடிந்ததும் ஒரு தடவை மேஸ்திரியின் போனுக்கு முகம் காட்ட வேண்டும். லீவு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வராமல் இருந்துவிட்டால் வேலை போய்விடும்.

நான் கல்வராயன் மலையிலிருந்து கீழே வாக்கப்பட்டு வந்தவள். ஒரு விடியற்காலையில் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "அம்மா போய்ட்டுதுக்கா. மழ வர்ற மாரி இருக்குது. ஜாஸ்தி நேரம் வச்சிக்கினு இருக்க முடியாது, சீக்கிரம் வந்துடு."

நாத்தனாரை இழுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் ஓடினேன்.

"அண்ணா, எங்கம்மா செத்துட்டாங்க. எனக்குப் பதிலா இது கூட்டட்டும். நான் போய் மொகத்தப் பாத்துட்டு வந்துடறேன்."

"நேத்தே சொல்லியிருக்கணும்மா."

"நேத்து உசுரோட இருந்தாங்கண்ணா."

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உச்சுக் கொட்டினார். "நான் இன்னாம்மா பண்றது? மெஷின் உன் நாத்தனார் மூஞ்ச எடுக்காது. மத்தியானம் காட்டிட்டு ஓடிடு."

எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே இந்த வேலையால்தான். ஊருக்குப் போகாமல் வேலைக்கு நின்றேன். போனை முகத்துக்கு நேரே நீட்டினார். எடுக்கவில்லை. அழுது வீங்கிய முகம் அதற்கு வேறு யாரோ. "கண்ணத் தொடச்சிக்கினு நேரா பாரும்மா. கொஞ்சம் அழுவாத இரு." குழாயடியில் முகம் கழுவி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற பிறகுதான் எடுத்தது. பெற்றவள் செத்ததற்கு அழுவதற்குக்கூட அந்தச் சனியனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மதியமும் அதே கூத்து.

காலையில் போகும் வெள்ளிமலை பஸ்ஸை விட்டாகிவிட்டது. மதியத்துக்கு மேல் கிடைத்த பஸ்ஸில் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறி, இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. தம்பி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எம்மாம் நேரம் பாத்தோம்க்கா," என்றான்.

நான் பார்த்தது ஈர மண்ணைத்தான். அதன் மேல் விழுந்து அழுதேன். மறுநாளைக்கு லீவு சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. விடிந்தால் வேலை என்று கடைசி பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன்.

விடிந்ததும் வேலைக்குப் போய் நின்ற என்னைப் பார்த்து மேஸ்திரி பதறிவிட்டார். "ஏம்மா வந்த? நேத்தே சொல்லியிருந்தா இன்னிக்குப் போட்டிருப்பேனே. உன் லீவெல்லாம் அப்டியே இருக்குது. இப்ப சொல்லிடு, நாளைக்கு எடுத்துக்கோ. சம்பளம்கூட புடிக்க மாட்டாங்க."

"நாளைக்கு எங்கம்மா இன்னொரு தபா சாவப் போறாங்களாண்ணா?"

அவர் போனை நீட்டினார். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.